மயில்கழுத்துப் புடவையும் ஒளிப்புலமும்

மலருக்கு ஏதாவது விஞ்ஞானக் கட்டுரை வேண்டும் என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்டபோது, "வால்வு, பிரஷர் கேஜ் தவிர எனக்கு என்னய்யா தெரியும்?" என்றுதான் முதலில் சொன்னேன். ஓர் ஆலையில் முப்பத்திரண்டு வருஷம் அளவுக்கருவிப் பிரிவில் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். பிறகுதான், எங்கள் டோம்பிவிலி ஃபிளாட்டில் ஒரு பட்டுப்புடவையைப் படம் பிடிக்க நாங்கள் பட்ட பாடு நினைவுக்கு வந்தது. அதன் பின்னால் நல்ல விஞ்ஞானம் இருக்கிறது. வீட்டில் பழைய பொருள் எதையாவது பத்திரப்படுத்த நினைப்பவர்களுக்கு உபயோகப்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

புடவை அம்மாவுடையது. 1964-இல் கும்பகோணத்தில் நடந்த கல்யாணத்தில் ஊஞ்சலுக்குக் கட்டியது. மயில்கழுத்து நிறம். அந்த நிறத்தின் சூட்சுமம் நம் பெண்மணிகளுக்குத் தெரியும், ஆண்களுக்காகச் சொல்கிறேன். பாவு ஒரு நிறம், ஊடு இன்னொரு நிறம். இந்தப் புடவையில் பாவு கருநீலம், ஊடு பச்சை. நேரே பார்த்தால் நீலம், கொஞ்சம் தள்ளி நின்றால் பச்சை, மடிப்பின் முதுகில் இரண்டும் கலந்த ஏதோ ஒன்று. அறுபது வருஷத்தில் மடிப்புகளெல்லாம் விட்டுப்போய், கையில் எடுத்தாலே பிரிகிற நிலைமை. மாட்டுங்காவில் பழைய ஜரிகை வாங்குகிறவர் ஒரு விலை சொன்னார். அக்கா கொடுத்துவிடலாம் என்றாள். அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "அவன் உருக்கிடுவான்டா. நீங்க மூணு பேரும் ஆளுக்கொரு துண்டு வெட்டி எடுத்துக்கோங்க. நான் இருக்கறப்பவே வெட்டுங்க."

கோயம்புத்தூரிலிருந்து அக்காவும் புவனேஸ்வரத்திலிருந்து தம்பியும் வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி கொணார்க் எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டும். அதற்குள் வெட்டியாக வேண்டும். வெட்டுவதற்கு முன் முழுப் புடவையை ஒரு தரமாவது சரியாகப் படம் எடுத்து வைக்கவேண்டும் என்பது என் ஆசை.

"போட்டோதானே, மொபைலில் எடுத்தால் ஆச்சு" என்றாள் என் பெண். எடுத்தாள். படத்தில் இருந்தது வெறும் நீலப் புடவை. இரண்டடி நகர்ந்து எடுத்தாள். இப்போது பச்சைப் புடவை. இரண்டும் பொய்யில்லை, ஆனால் இரண்டும் அம்மாவின் புடவை இல்லை. வீடியோ எடுத்தால்? அது எடுத்தவர் கை போன வழியில் மட்டும் போகும். பார்ப்பவர் தன் தலையைத் தன் இஷ்டத்துக்கு அசைத்துப் பார்க்க வேண்டும், அதற்கேற்ப நிறம் மாற வேண்டும். எங்களுக்கு வேண்டியது அதுதான்.

இதற்கு அறிஞர்கள் வைத்திருக்கும் பெயர் ஒளிப்புலம்.

ஒரு ஜன்னல் கண்ணாடியை எண்ணிக்கொள்ளுங்கள். வெளியே தெரு. கண்ணாடியில் ஏதாவது ஓர் இடத்தில் கண்ணை ஒட்டி வைத்தால் முழுத் தெருவும் தெரிகிறது. நாலு அங்குலம் தள்ளி வைத்தாலும் முழுத் தெருவும் தெரிகிறது, ஆனால் கொஞ்சம் வேறு மாதிரி. கம்பத்துக்குப் பின்னால் மறைந்திருந்த சைக்கிள் இப்போது எட்டிப் பார்க்கிறது. அதாவது கண்ணாடியின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு முழுப்படம் வந்து இறங்கிக்கொண்டே இருக்கிறது. சாதாரண போட்டோ இந்தப் புள்ளிகளில் ஒன்றே ஒன்றின் படம். எல்லாப் புள்ளிகளின் படங்களையும் சேர்த்துப் பிடித்துவிட்டால், ஜன்னலையே பெயர்த்து எடுத்துக்கொண்டு வந்த மாதிரிதான்.

எத்தனை எண்கள் வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஓர் இடத்தில் ஒரு திசையில் வரும் ஒளியைச் சொல்ல, இடத்துக்கு மூன்று எண், திசைக்கு இரண்டு, அலைநீளத்துக்கு ஒன்று, நேரத்துக்கு ஒன்று, ஆக ஏழு. ஏடல்சன், பெர்கன் என்ற இருவர் 1991-இல் இப்படித்தான் கணக்குப் போட்டார்கள். அசையாத பொருள், நிறத்துக்கு வழக்கமான சிவப்பு-பச்சை-நீலம் போதும் என்றால் ஐந்தாகக் குறையும். தெளிந்த காற்றில் போகும் கதிர் வழியில் மங்குவதும் இல்லை, மாறுவதும் இல்லை. அதனால் ஒரு கதிரை அதன் பாதையில் எங்கே அளந்தாலும் ஒரே விடைதான். இன்னொரு எண்ணும் மிச்சம். மீதி நான்கு. எதிரெதிராக இரண்டு கிராஃப் தாள்களை நிறுத்தி வைத்து, கதிர் முதல் தாளை எந்தக் கட்டத்தில் துளைக்கிறது, இரண்டாம் தாளை எந்தக் கட்டத்தில் துளைக்கிறது என்று எழுதிவிட்டால் அந்தக் கதிருக்கு விலாசம் ஆகிவிட்டது. முதல் தாள் கேமரா நகரும் தளம். இரண்டாம் தாள் பொருள் இருக்கும் தளம். கம்பெனியில் எத்தனையோ அளவைகளைப் பார்த்த எனக்கு, இந்தச் சிக்கனம் பிடித்துப்போயிற்று.

யோசனை புதிதல்ல. பிரான்சில் லிப்மன் 1908-லேயே, ஈயின் கண்போலப் பொடிப்பொடி லென்ஸ்களை வரிசையாகப் பதித்த தகட்டில் படம் எடுக்கலாம் என்று சொன்னார். அதே வருஷம் வேறொரு வேலைக்காக, வண்ணப் புகைப்படத்துக்காக, நோபல் பரிசு வாங்கினார். ஒளிப்புலம் என்ற பெயரைக் கொடுத்தவர் ரஷ்யாவின் கெர்ஷுன், 1936-இல். இதையெல்லாம் கம்ப்யூட்டர் திரைக்குக் கொண்டு வந்தது 1996-ஆம் ஆண்டு. நியூ ஆர்லியன்ஸில் நடந்த சிக்ராஃப் மாநாட்டில் ஒரே சமயம் இரண்டு கட்டுரைகள். ஒன்று ஸ்டான்ஃபோர்டின் மார்க் லெவாய், பாட் ஹன்ராஹன் எழுதியது. மற்றது ஸ்டீவன் கோர்ட்லரும் மைக்ரோசாஃப்ட் நண்பர்களும் எழுதிய 'லூமிகிராஃப்'. முன்னவர்கள் கம்ப்யூட்டர் ஓட்டும் இயந்திரக் கையில் கேமராவை மாட்டினார்கள். பின்னவர்கள் கேமராவைக் கையிலேயே வைத்து எடுத்து, பொருளைச் சுற்றி வரைந்திருந்த குறிகளைப் பார்த்துக் கேமரா எங்கிருந்தது என்று கணக்கிட்டார்கள். நம்மைப் போன்றவர்களுக்குப் பின்னவர்களே உறவு. (ஹன்ராஹனுக்கு 2019-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது கிடைத்தது.)

புதுப் படம் எப்படி உருவாகிறது என்று சொல்லிவிடுகிறேன். கேமரா நிற்காத ஓர் இடத்தில் உங்கள் கண்ணை வைக்கிறீர்கள். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு கதிர். அது கேமராத் தளத்தை எங்கே துளைக்கிறது என்று பார்த்தால், நான்கு கேமரா நிலைகளுக்கு நடுவே விழும். அந்த நான்கு படங்களிலும் பொருள்தளத்தில் கதிர் போய்ச் சேரும் இடத்தைச் சுற்றி நான்கு நான்கு புள்ளிகள். ஆகப் பதினாறு எண்கள். கிட்டே இருப்பதற்குக் கூடுதல் பங்கு, எட்ட இருப்பதற்குக் குறைவு என்று சராசரி எடுத்தால் புள்ளியின் நிறம் வந்துவிடும். இந்த வேலையில் புடவை என்றால் என்ன, மடிப்பு என்றால் என்ன என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. வழுவழு பந்தானாலும் சுருட்டை முடித் தலையானாலும் அதே பதினாறு எண்கள்தான். கண் கேமராத் தளத்துக்கு முன்னே வந்தாலும் பின்னே போனாலும் பரவாயில்லை. ஒரே புதுப்படத்தின் இடது பக்கம் ஒரு கேமராவிலிருந்தும் வலது பக்கம் வேறொன்றிலிருந்தும் வரும். ஆல்பத்தை வேகமாகப் புரட்டுவதற்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

பொருளின் உருவத்தை முப்பரிமாணமாகச் செதுக்கி, அதன் மேல் படத்தை ஒட்டும் முறையும் உண்டு. கோயில் தூண், மண் பானை போன்றவற்றுக்கு அது அருமை. ஆனால் சாதாரணமாக அந்த முறை, ஓர் இடத்தின் நிறம் எங்கிருந்து பார்த்தாலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்கிறது. மயில்கழுத்துப் பட்டிடம் அந்தப் பருப்பு வேகாது.

எத்தனை படம், எவ்வளவு நெருக்கமாக? இங்கேதான் செலவு. ஃப்ளாரன்ஸில் மெடிச்சி சேப்பலில் இருக்கும் மைக்கேலாஞ்சலோவின் 'இரவு' சிலைக்கு ஸ்டான்ஃபோர்டுக்காரர்கள் 1999-இல் எடுத்தது 24,304 படங்கள். கேட்டதும் பயந்துவிட்டேன். ஆனால் அதே ஸ்டான்ஃபோர்டில் பின்னாளில், குழந்தைகளின் லெகோ மோட்டார்களை வைத்துக் கட்டிய சட்டத்தில் 17-க்கு 17 என்று 289 படங்கள் மட்டும் எடுத்துப் பல ஒளிப்புலங்களை வெளியிட்டார்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஒரு மாணவர் 2000-இல், சாதாரண ஸ்கேனர் கண்ணாடி மேல் பிளாஸ்டிக் லென்ஸ்களை அடுக்கியே ஒளிப்புலக் கேமரா செய்துவிட்டார். தைரியம் வந்தது.

என் கணக்கு இது. கேமராவுக்கும் புடவைக்கும் ஒரு மீட்டர் தூரம். படத்தில் 80 செ.மீ. அகலம் தெரிகிறது; அதை 1000 புள்ளி அகலத்துக்குச் சுருக்கினால் ஒரு செ.மீ.க்குப் பன்னிரண்டரைப் புள்ளி. கேமராவை 2 செ.மீ. நகர்த்தினால் புடவைத் தளத்தில் இருக்கும் ஒரு பொட்டு படத்தில் 25 புள்ளி நகரும். எல்லாப் படங்களையும் அந்தத் தளத்தில் பொருந்தும்படி அடுக்கினால் அந்த 25 சூன்யமாகிவிடும். தளத்துக்கு 5 செ.மீ. முன்னால் துருத்தும் மடிப்பு? அது 95 செ.மீ. தூரத்தில் இருக்கிறது, 25-ஐ 0.95-ஆல் வகுத்தால் 26.3. மிச்சம் 1.3 புள்ளி. ஏறக்குறைய ஒரு புள்ளிக்குள் இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். ஆனால் 25 செ.மீ. முன்னால் ஒரு குத்துவிளக்கை வைத்தால் 33.3 வருகிறது, மிச்சம் எட்டுப் புள்ளிக்கு மேல். விளக்கு இரட்டை இரட்டையாகப் பேய் மாதிரித் தெரியும். அலங்காரத்துக்கு விளக்கு வைக்கலாமே என்று அக்கா சொன்னதை நான் ஏன் மறுத்தேன் என்பதற்கு விளக்கம் இதுதான். அவள் இன்னும் நம்பவில்லை.

ஆக 2 செ.மீ. இடைவெளி. குறுக்கே 17 நிலை, அதாவது 32 செ.மீ. மேலே கீழே 9 நிலை, 16 செ.மீ. மொத்தம் 153 படங்கள். நம் தலை பக்கவாட்டில்தானே அதிகம் அசைகிறது, அதனால் செங்குத்தில் குறைத்தேன்.

தளவாடம்: சமையலறை டிராயருக்காக நாக்தேவி தெருவில் வாங்கி வைத்திருந்த 18 அங்குல இழுப்புச் சேனல் ஒன்று. அதை ஒரு பலகையில் திருகி, ஓரத்தில் ஸ்டீல் ஸ்கேலை ஒட்டினேன். சேனல் மேல் ஒரு சின்னக் கட்டை, கட்டையில் செகண்ட் ஹாண்ட் கேமரா. உயரம் மாற்ற, 2 செ.மீ. கனத்தில் அறுத்த பிளைவுட் துண்டுகள். ஒரு வரிசை முடிந்ததும் அடியில் ஒரு ஜோடி செருக வேண்டும், அவ்வளவுதான். சேனல் முழுக்க இழுபட்ட நிலையில் கேமரா கனத்துக்குச் சற்றுத் தொங்கும். அதற்காகத்தான் புடவையைச் சுற்றி ஒரே தளத்தில் நான்கு மூலைகளிலும் கறுப்புக் கூட்டல் குறி அச்சடித்த தாள்கள். ஒவ்வொரு படத்திலும் அந்த நான்கு குறிகளும் ஒரே இடத்தில் வந்து உட்காரும்படி படத்தை இழுத்துச் சரிசெய்யும் வேலையை, இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்சிவி நிரல்களை வைத்து என் பெண் எழுதிக் கொடுத்தாள்.

முதலில் பால்கனிக் கிரில் வழியாகத் தெருவைப் பிடித்து ஒத்திகை பார்த்தோம். எல்லாப் படங்களையும் தெருவுக்குப் பொருந்தும்படி நகர்த்திக் கூட்டிச் சராசரி எடுத்தால், 32 செ.மீ. அகலமுள்ள ஒரு ராட்சத லென்ஸ் எடுத்த படமாகிவிடுகிறது. விரல் கனக் கம்பி அத்தனை பெரிய லென்ஸை எப்படி மறைக்கும்? கிரில் புகை மாதிரிக் கரைந்து தெரு மட்டும் நின்றது. கீழ்வீட்டுக் குழந்தைகளெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இந்தத் தத்துவத்தை ஒரே கேமராவுக்குள் அடக்கியவர் ரென் இங். 2005-இல் அவர் செய்த கேமராவில் 296-க்கு 296 நுண்லென்ஸ்கள். பிறகு அவர் தொடங்கிய லைட்ரோ கம்பெனியின் கேமரா 2012-இல் கடைக்கு வந்தது. 2018-இல் கம்பெனியே மூடிவிட்டது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் புடவையைக் கொடியில் தொங்கவிட்டு எடுத்தோம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ராத்திரி பார்த்தால் அத்தனையும் வீண். கேமராவின் நிறச் சமன்பாட்டை ஆட்டோவில் விட்டிருந்தேன். படத்தில் பச்சை கூடினால் அது 'ஏதோ தப்பு' என்று பச்சையைக் குறைத்துவிடும்; நீலம் கூடினால் நீலத்தை. நாங்கள் எதைப் பிடிக்க வந்தோமோ அதையே கேமரா துடைத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறது! போதாததற்கு ஃபேனை யாரோ போட்டிருக்கிறார்கள், மடிப்புகள் படத்துக்குப் படம் வேறே. இதற்கெல்லாம் மேல், தொங்கிய கனத்தில் ஒரு சாண் கிழிசல் இரண்டு சாணாகியிருந்தது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கிழிசலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு தரந்தான் தாங்கும்" என்றாள். முப்பத்திரண்டு வருஷம் மற்றவர்களுக்குக் கருவியைச் சரிபார்த்துக் கொடுத்தவனுக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை முழுக்கத் தயார்ப்படுத்தினோம். தொங்கவிடும் பேச்சே இல்லை. அப்பாவின் பழைய வேஷ்டியை ஒரு பலகையில் போர்த்தி, அதன் மேல் புடவையைப் பரப்பி, மடிப்புகளுக்கு உள்ளே சுருட்டிய துண்டுகளை வைத்து, என் மனைவி தளர்வாக ஓட்டுத்தையல் போட்டாள். பலகையைச் சுவரில் லேசாகச் சாய்த்தோம். இந்த ஏற்பாடு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். ஃபேன் சுவிட்சில் டேப் ஒட்டினேன். திரைச்சீலை மூடி, வெளி வெளிச்சத்தை அடைத்தேன். சூரியன் நகர்ந்தால் ஒளி மாறும். ஃபோகஸ், வெளிச்ச அளவு, நிறச் சமன்பாடு மூன்றையும் கையால் நிலைப்படுத்தினேன். ஃப்ளாஷ் கூடவே கூடாது, அது கேமராவோடு சேர்ந்து நகரும் விளக்கு. நம் ஊர் மின்சாரத்தில் சோக் வைத்த டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் வேகம் அதிகமானால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும். அரை விநாடி திறந்து வைத்தால் ஐம்பது துடிப்பும் உள்ளே அடங்கிவிடும், பிரச்சினை தீர்ந்தது. கையால் அமுக்கினால் கேமரா ஆடும் என்பதால் டைமர்.

டோம்பிவிலியில் இன்னொரு தொல்லை ரயில். எங்கள் கட்டடம் தண்டவாளத்துக்கு எதிரே. லோக்கல் போகும்போதெல்லாம் தம்பி "நில்லு" என்பான். அதிர்வு அடங்கியதும் "ம்" என்பான். அக்கா ஸ்கேலைப் பார்த்து எண்ணைப் படிப்பாள், என் பெண் எழுதுவாள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி பதினோரு மணிக்குத் தொடங்கியது ஒன்றரைக்கு முடிந்தது.

இந்தத் தடவை வந்துவிட்டது. 153 படமும் சேர்ந்து அரை ஜிபி கூட இல்லை. பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றுபோலவே இருப்பதால் இன்னும் எவ்வளவோ சுருக்கலாம், 1996-லேயே நூறில் ஒரு பங்குக்கும் கீழாகச் சுருக்கிக் காட்டியிருக்கிறார்கள். நான் சுருக்கவில்லை. மூலப்படங்களை மூன்று டிஸ்கில் அப்படியே போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொண்டோம்.

ஞாயிறு காலை அம்மாவிடம் லாப்டாப்பைக் காட்டினோம். விரலை நகர்த்த நகர்த்த முந்தானையின் நீலம் பச்சைக்குள் இறங்கிப் போயிற்று, மடிப்பு முதுகில் அந்த மூன்றாவது நிறம் ஓடியது. ஜரிகை மட்டும் கொஞ்சம் குறை. அதன் பளிச்சு மிகவும் கூர்மையானது, 2 செ.மீ. நகர்ந்தால் கோணம் ஒரு பாகைக்குச் சற்று அதிகமாக மாறுகிறது, அதற்குள் ஒரு மினுக்கு பிறந்து மறைந்துவிடும். அதனால் மினுக்கு வழுக்கிக்கொண்டு ஓடாமல் ஓரிடத்தில் அணைந்து அடுத்த இடத்தில் எரிகிறது. இடைவெளியை அரை செ.மீ. ஆக்கினால் சரியாகும், படங்கள் இரண்டாயிரத்தைத் தாண்டும்.

அம்மா நிறைய நேரம் நகர்த்திப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "நான் தலையை ஆட்டினா நிறம் மாறுது. சரி. புடவையை ஆட்டினா?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் புடவை இல்லை, விடை மட்டும்தான் இருந்தது. ஒளிப்புலம் என்பது விளக்கும் பொருளும் அசையாமல் நிற்கையில் பார்ப்பவர் மட்டும் நகர்வது. புடவையை அசைத்தால் அதன் மேல் விழும் ஒளியின் கோணமும் மாறுகிறது. அதைப் பிடிக்க, ஒவ்வொரு திசையிலும் விளக்கை வைத்து அத்தனை படங்களையும் மறுபடி எடுக்க வேண்டும். பால் டெபவெக் என்பவர் 2000-இல் மனித முகத்துக்கு அப்படிச் செய்தார், விளக்கைச் சுழற்றுவதற்கென்றே ஒரு சட்டம் கட்டி. எங்கள் புடவைக்கு அந்தப் பலம் இல்லை.

இப்போது இன்னும் சுலப வழிகள் வந்துவிட்டன. கேமராவைக் கையில் வைத்துச் சுற்றிச் சுற்றி ஐம்பது, அறுபது படம் எடுத்தால் போதும், மீதியைக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு நிரப்பும். 2020-இல் வந்த நெர்ஃப் என்ற முறையும், 2023-இல் வந்த காஸியன் ஸ்ப்ளாட்டிங் என்ற முறையும் அப்படிப்பட்டவை. திசைக்குத் திசை நிறம் மாறுவதையும் அவை ஓரளவு கணக்கில் வைத்துக்கொள்கின்றன. புடவையைப் பலகையிலிருந்து எடுப்பதற்கு முன் என் பெண் மொபைலில் அப்படியும் எடுத்தாள். சுற்றிலும் பார்க்க முடிகிறது, எங்கள் சட்டத்தின் பதினெட்டுப் பாகைச் சிறை அதில் இல்லை. ஆனால் ஜரிகை சில இடங்களில் மஞ்சள் பெயிண்ட் அடித்த மாதிரி ஆகிவிட்டது. வேகமாக வேண்டும் என்பவர்களுக்கு அதையே சிபாரிசு செய்வேன். எனக்கு மட்டும், அந்த 153-இல் இருப்பது கேமரா உண்மையிலேயே பார்த்தது, நிரப்பியது அல்ல என்பதில் ஒரு திருப்தி.

பதினோரு மணிக்கு அம்மாவே கத்தரிக்கோலை எடுத்தாள். ஜரிகைக் கரையில் கை நடுங்கியதால் அக்கா பிடித்துக்கொண்டாள். முந்தானை அக்காவுக்கு, நடு எனக்கு, உள்தலைப்பு தம்பிக்கு.

ஏழாவது வரிசையில் பதினோராவது படம் மட்டும் கலங்கல். நள்ளிரவு தாண்டி ஒரு கூட்ஸ் வண்டி போனதைத் தம்பி கவனிக்கவில்லை. பக்கத்துப் படங்களின் சராசரியை வைத்து நிரப்பியிருக்கலாம், அப்படியே விட்டிருக்கிறேன். பலகை, பிளைவுட் துண்டுகள், குறித்தாள்கள் எல்லாம் எங்கள் பரணில் இருக்கின்றன. வேண்டுகிற அன்பர்கள் எடுத்துப் போகலாம். டிராயர் சேனல் மட்டும் கிடைக்காது, அது சமையலறைக்குத் திரும்பிவிட்டது.